குலசேகரத்து ரப்பர் பாலில் கிளவுஸா, ஃபோலி கதீட்டரா?

குலசேகரம்_பால்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நாங்கள் எட்டு ரப்பர் தோட்டக்காரர்கள் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். மொத்தம் 42 ஹெக்டேர், பெரும்பாலும் ஆர்ஆர்ஐஐ 105 ரக மரம். இப்போது ஷீட்டும் ஒட்டுப்பாலும் மட்டும்தான் விற்பனை. பாலை மருத்துவப் பொருளாக மாற்றி விற்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. மூன்று யோசனைகள் இருக்கின்றன. பரிசோதனைக் கிளவுஸ், அறுவைக் கிளவுஸ், ஃபோலி கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் வைக்கும், நுனியில் பலூன் உள்ள குழாய்). எது நிற்கும், எது கவிழும்? எவ்வளவு பால் வேண்டும், எந்த லைசென்ஸ், யார் வாங்குவார்கள்? பாலைச் சுழற்றிக் கடைந்து கெட்டியாக்கும் சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரம் வாங்கச் சொல்லி ஒரு ஏஜெண்ட் விடாமல் அழைக்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_டிப்பிங்

முதலில் சென்ட்ரிஃப்யூஜை மறந்துவிடுங்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

7-ஆம் அளவு அறுவைக் கிளவுஸ் ஒன்று ஏறக்குறைய 11 கிராம், ஜோடி 22 கிராம். அதில் உலர் ரப்பர் 21 கிராம். 60 சதவீத செனெக்ஸாக (கடைந்து கெட்டியாக்கிய பால்) பார்த்தால் ஜோடிக்கு 35 கிராம். ஒரு நாளைக்கு 10,000 ஜோடி என்றால் 350 கிலோ செனெக்ஸ், அதாவது 210 கிலோ உலர் ரப்பர். சென்ட்ரிஃப்யூஜில் ஸ்கிம்மாக (மிஞ்சும் நீர்த்த பால்) போகும் பங்கையும் சேர்த்தால் தோட்டத்திலிருந்து தினம் 240 முதல் 250 கிலோ உலர் ரப்பருக்கான பால் வர வேண்டும். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ, மரத்தில் பால் எடுக்கும் வெட்டு நாள் 120 என்று வைத்தால் வெட்டும் நாளில் ஹெக்டேருக்கு 12.5 கிலோ. ஆக, தினமும் 20 ஹெக்டேர் வெட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் 40 ஹெக்டேர். தாளில் பார்த்தால் உங்கள் 42 ஹெக்டேருக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் நம் மாவட்டத்தில் மழை இரண்டு தடவை. ஜூன், ஜூலையில் ஒன்று, அக்டோபர், நவம்பரில் ஒன்று. ரெயின் கார்டு (மரத்தில் கட்டும் மழைத் தடுப்பு) போட்டாலும் வெட்டு தடைபடும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது பால் குறைவதோடு அதில் மெக்னீசியமும் ஏறும், பால் நிலைக்காது. அந்தப் பாலுக்கு டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் போட்டு, இரவு முழுக்கச் சேறு படியவிட்டு, அப்புறம்தான் கடைய முடியும். கடைந்த பின் மிஞ்சும் ஸ்கிம் பாலை கந்தக அமிலம் விட்டு உறைய வைக்க வேண்டும். அந்தக் கழிவுநீர் நாற்றத்துக்கே ஊர் எதிர்த்து நிற்கும். சென்ட்ரிஃப்யூஜ் கிண்ணத்தை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கழுவவும் வேண்டும்.

இந்தத் தொல்லை எல்லாம் ஏற்கெனவே செனெக்ஸ் கடையும் ஆலைகளுடையதாக இருக்கட்டும். உங்கள் பாலை அங்கே கொடுங்கள், 60 சதவீத ஹைஅம்மோனியா செனெக்ஸாக டிரம்மில் திரும்ப வாங்குங்கள். டிரம்மை இறக்கும்போது மூன்று எண்களைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். விஎஃப்ஏ எண் (பால் கெடும்போது உண்டாகும் அமிலத்தின் அளவு) கிளவுஸுக்கு 0.05-க்கு மேல் போனால் திருப்பி அனுப்புங்கள். எம்எஸ்டி (வேகமாகக் கலக்கும்போது பால் உறையாமல் தாங்கும் நேரம்) 650 விநாடிக்குக் குறையக்கூடாது. அம்மோனியா 0.6 சதவீதத்துக்குக் கீழே வரக்கூடாது. சிரட்டை கழுவாமல், அம்மோனியா விடாமல் நண்பகல் வரை பாலை வைத்திருந்த தோட்டத்தை அந்த விஎஃப்ஏ எண் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

பரிசோதனைக் கிளவுஸ் வேண்டவே வேண்டாம். சந்தைக்காரர் யாராவது காரணம் சொல்லட்டும்.

சந்தை_பாலக்காடு

சொல்கிறேன். கோவிட்டுக்கு முன்பு உலக ரப்பர் கிளவுஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது. டாப் கிளவ், ஹார்ட்டலேகா, கோஸன், சூப்பர்மேக்ஸ் நான்கும் பெரிய பெயர்கள். தாய்லாந்தில் ஸ்ரீ டிராங். 2020-ல் ஆயிரம் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவுஸ் விலை 20 டாலர் சொச்சத்திலிருந்து 100 டாலரைத் தாண்டியது. அதைப் பார்த்து மலேசியாவும் சீனாவும் உற்பத்தி லைன்மேல் லைனாகப் போட்டன. நோய் அடங்கியதும் விலை பழைய இடத்துக்கே வந்தது, லைன்கள் மட்டும் நின்றன. சீனாவில் இன்ட்கோ, புளூ செயில் போன்றவர்கள் நைட்ரைலை மலிவாகத் தள்ளுகிறார்கள்.

இதற்கு மேல் இன்னொன்று. சீன மருத்துவக் கிளவுஸுக்கு அமெரிக்கா 2025-ல் 50 சதவீதம், 2026-ல் 100 சதவீதம் வரி அறிவித்தது. அமெரிக்காவில் விற்க முடியாத சரக்கு வேறெங்கே போகும்? ஆசியாவுக்குள்தான். பரிசோதனைக் கிளவுஸ் சந்தையில் நாம் மோத வேண்டியது அந்தச் சரக்கோடு. ஒரு நைட்ரைல் கிளவுஸ் எடை 3 முதல் 4 கிராம், நம் லேடெக்ஸ் 5 முதல் 6 கிராம். எடையிலேயே தோற்றுவிடுகிறோம்.

அறுவைக் கிளவுஸ் வேறு. அங்கே இயற்கை ரப்பரின் இழுவையையும் விரலோடு ஒட்டும் தன்மையையும் நைட்ரைல் இன்னும் எட்டவில்லை. பாலிஐசோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் எட்டும், ஆனால் விலை பல மடங்கு. ஆகவே லேடெக்ஸுக்கு அங்கே இடம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, பவுடர் (எளிதாக மாட்டக் கிளவுஸில் தூவும் மாவு) இல்லாமல் இருக்க வேண்டும். அமெரிக்கா 2017 ஜனவரி 18 முதல் பவுடர் கிளவுஸைத் தடை செய்தது. ஜப்பானும் 2016 இறுதியில் இரண்டு ஆண்டுக்குள் மாறச் சொல்லிவிட்டது. நம் ஊரில் பவுடர் இன்னும் ஓடுகிறது என்பதற்காகப் பவுடர் லைன் போடுவது பெரிய தவறு. போடும் லைன் பத்து வருடமாவது ஓட வேண்டும்.

குலசேகரம்_பால்

அப்படியானால் அறுவைக் கிளவுஸ், பவுடர் இல்லாதது. லைன் எப்படி இருக்கும் அண்ணாச்சி? அளவுகளோடு சொன்னால் இயந்திரக்காரரிடம் பேச வசதியாக இருக்கும்.

மார்த்தாண்டம்_டிப்பிங்

காம்பவுண்டிலிருந்து (பாலும் ரசாயனமும் சேர்ந்த கலவை) வருகிறேன். 100 கிலோ செனெக்ஸுக்கு (60 கிலோ உலர் ரப்பர்) ஒரு தொடக்க அளவு:

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 சதவீதக் கரைசல் 1.2 கிலோ
கந்தகம் 50 சதவீத டிஸ்பர்ஷன் (தூளைத் தண்ணீரில் அரைத்தது) 0.72 கிலோ
ஜிங்க் டைஎத்தில் டைதயோகார்பமேட் 50 சதவீதம் 0.72 கிலோ
ஜிங்க் ஆக்சைடு 50 சதவீதம் 0.36 கிலோ
ஆன்டிஆக்சிடன்ட் 50 சதவீதம் 1.2 கிலோ

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முதலில் போக வேண்டும். அது பாலை நிலைப்படுத்தாமல் ஜிங்க் ஆக்சைடை ஊற்றினால் தொட்டியிலேயே கெட்டியாகும். டிஸ்பர்ஷனை உருண்டைகள் உருளும் அரைவை மில்லில் (ball mill) 24 மணி நேரத்துக்குக் குறையாமல் அரைக்க வேண்டும். சரியாக அரையாத கந்தகத் துகள் ஒன்று கிளவுஸில் உட்கார்ந்தால் அந்த இடத்தில்தான் ஊசித்துளை. கலக்கி மெதுவாகச் சுழல வேண்டும், காற்றை இழுக்கக்கூடாது. கலந்த பின் 24 முதல் 48 மணி நேரம் பழுக்க விட்டு, குளோரோஃபார்ம் எண் (காம்பவுண்டு எவ்வளவு பழுத்தது என்று காட்டுவது) 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்ததும் டிப் தொட்டிக்கு. 4-க்குப் போன காம்பவுண்டு அதிகம் பழுத்தது. படலம் காயும்போது சேறு வெடிப்பது போல் வெடிக்கும், கிளவுஸ் எளிதில் கிழியும்.

லைன் வரிசை இது. பீங்கான் கைகளை (கிளவுஸ் உருவாகும் கை வடிவ அச்சு) நீர்த்த அமிலம், காரம், பிரஷ், சுடுநீர் என்று கழுவ வேண்டும். கை 60 முதல் 65 டிகிரியில் இருக்கும்போது கால்சியம் நைட்ரேட் 10 முதல் 12 சதவீதக் கோயாகுலண்டில் (பாலை உறைய வைக்கும் கரைசல்) முக்கி உலர்த்தல். பிறகு 25 முதல் 28 டிகிரியில் இருக்கும் பாலில் டிப், மொத்தத் திடப்பொருள் 30 முதல் 35 சதவீதம். மணிக்கட்டு விளிம்பைச் சுருட்டுதல். 60 முதல் 70 டிகிரி சுடுநீரில் லீச்சிங் (கரையும் பொருள்களைக் கழுவி வெளியேற்றுதல்). உள்பூச்சு. 110 முதல் 115 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வல்கனைசிங் (ரப்பரைச் சூட்டில் உறுதியாக்குதல்). மறுபடி லீச்சிங், அதன் பிறகு கழற்றல்.

ஒரு சுற்று ஒரு மணி நேரம், நாளைக்கு 20 சுற்று என்று வைத்தால் 20,000 கிளவுஸுக்குச் சங்கிலியில் 1,000 கை வேண்டும். கழிவுக்கு 10 சதவீதம் சேர்த்து 1,100. உடைவதற்கு மாற்றுக் கை தனி.

தவறுகள் எங்கே வரும் என்றால், ஊசித்துளையில் பெரும்பங்கு விரல்களுக்கு நடுவில் உள்ள கவையில்தான் இருக்கும். டிப் தொட்டியிலிருந்து கை வேகமாக வெளியே வந்தால் அங்கே சவ்வு கட்டி உடையும், உடைந்த இடம் மெலிதாகும். கை உள்ளே இறங்கும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் தனித்தனியாக மாற்றும் வசதி இல்லாத இயந்திரத்தை வாங்காதீர்கள். ஏஜெண்டிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

லீச்சிங் தண்ணீரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் பாலில் உள்ள புரதம்தான் அலர்ஜிக்குக் காரணம். அது சுடுநீரில் கரைந்து வெளியேற வேண்டும். தொட்டித் தண்ணீரை மாற்றாமல் ஓட்டினால் புரதம் தண்ணீரிலேயே நிறைந்து, கழுவியது கிளவுஸில் திரும்ப ஒட்டும். அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் டி3577 இந்தப் புரதத்தைச் சதுர டெசிமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. நல்ல வாங்குபவர் 50 கேட்பார். தண்ணீர் தொடர்ந்து வழிந்து புதுத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், உப்புத் தண்ணீராகவும் இருக்கக்கூடாது. குலசேகரம், திருவட்டாறு பக்கத் தண்ணீர் கடலோரத்தைவிட இதற்கு நல்லது. ஆலைக்கு இடம் தேடும்போது ரோட்டைப் பார்ப்பதற்கு முன் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

குளோரினேஷனும் (கிளவுஸைக் குளோரின் நீரில் நனைப்பது) கவனம். பவுடருக்குப் பதில் இதைச் செய்தால் மேற்பரப்பு வழுவழுப்பாகும். அளவு மீறினால் கிளவுஸ் மஞ்சளாகி, கொஞ்ச நாளில் நொறுங்கும். அன்றைக்கு எடுக்கும் இழுவைச் சோதனையில் அது தெரியாது. 70 டிகிரியில் 7 நாள் வைத்த பிறகுதான் தெரியும். தரநிலை கேட்பது அப்படிச் சூட்டில் வைப்பதற்கு முன் இழுவை வலிமை 24 மெகாபாஸ்கல், பின் 18. நீட்சி முன் 750 சதவீதம், பின் 560. ஏழு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் பாலிமர் உள்பூச்சுக்குப் போவதே மேல்.

பயோமெட்_நாகர்கோவில்

ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. கிளவுஸைவிட ஃபோலியைக் கவனியுங்கள். ஒரு கிளவுஸ் ஜோடிக்கு 35 கிராம் செனெக்ஸ். 16 எஃப்ஆர் (குழல் தடிமன் அளவு) ஃபோலிக்கு அதைவிட மிகக் குறைவு, ஆனால் விற்கும் விலை கூடுதல். ஒரு கிலோ பாலுக்கு அதிக மதிப்பு ஃபோலியில்தான் கிடைக்கும். ஐசியூ இருக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் இது தினசரிப் பொருள்.

வார்டில் வரும் புகார்களையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பலூன் சுருங்க மறுப்பது. தண்ணீர் ஏற்றும் சின்னக் குழல் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அல்லது வால்வு பழுதாகும். ஸ்டெரைல் வாட்டருக்குப் பதில் சலைன் ஏற்றினால் உப்பு படிந்து குழல் அடைபடும். அது பயன்பாட்டுத் தவறு, ஆனாலும் லேபிளில் தெளிவாகப் போடாதவர் தயாரிப்பாளர். இரண்டாவது, பலூன் ஒரு பக்கமாக மட்டும் வீங்குவது. பலூன் சுவர் ஒரே தடிமனில் இல்லாவிட்டால் அப்படி வரும், நுனி சாய்ந்து சிறுநீர்ப்பைச் சுவரில் குத்தும். மூன்றாவது, பெட்ரோலியம் ஜெல்லி தடவிய கையால் தொட்டு பலூன் வெடிப்பது. லேடெக்ஸுக்கு எண்ணெய் ஆகாது. தண்ணீர்க் கரைசல் ஜெல் மட்டும்தான் என்று உறையிலேயே தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டால் எல்லைக்கு இருபுறமும் நர்ஸ்களுக்கு உதவும்.

கிளவுஸ்தான் என்று முடிவெடுத்தால் 6.5, 7, 7.5 மூன்று அளவுக்கு முன்னுரிமை கொடுங்கள். உறையைத் திறக்கும்போது உள் காகிதம் மடிந்து வராமல் இருக்கட்டும். ஸ்க்ரப் செய்த (கிருமி நீங்கக் கழுவிய) கை வெளி உறையில் பட்டால் அந்த ஜோடியே வீண்.

மார்த்தாண்டம்_டிப்பிங்

பயோமெட் அக்கா சொன்ன விலைக் கணக்கு சரி. ஆனால் புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். கிளவுஸ் ஒரு டிப், அதிகம் போனால் இரண்டு. ஃபோலியில் ஒரு கம்பிமேல் பல தடவை டிப் செய்து குழல் கட்ட வேண்டும், பலூன் ஏற்றும் வழிக்குத் தனி மெல்லிய கம்பி வைக்க வேண்டும், தனியாக எடுத்த பலூன் சவ்வை மேலேற்றி ஒட்ட வேண்டும், திரும்ப முக்க வேண்டும், கண் துளையைக் குத்தி விளிம்பை மழுக்க வேண்டும், சிலிக்கான் பூச வேண்டும். பாதி கைவேலை. சோதனையில் பலூனை ஏற்றி 37 டிகிரி செயற்கைச் சிறுநீரில் நாட்கணக்கில் வைக்க வேண்டும். 16 எஃப்ஆர் என்றால் வெளிவிட்டம் 5.3 மில்லிமீட்டர். அதில் சிறிது தவறினால் மொத்த லாட்டும் போச்சு.

போக்கு எங்கே போகிறது என்றும் பாருங்கள். நீண்ட நாள் வைக்கும் ஃபோலி முழுச் சிலிக்கானுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. லேடெக்ஸ் ஃபோலி குறுகிய நாள் பயன்பாட்டில்தான் தங்கும். கிளவுஸில் கை பழகிய மூன்றாம் வருடம் ஃபோலியைச் சேர்க்கலாம்.

பயோமெட்_நாகர்கோவில்

சிலிக்கான் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வருடம் என்பது சரியான யோசனை. ஆனால் சுத்த அறை கட்டும்போதே ஃபோலிக்கு இடம் விட்டுக் கட்டுங்கள், பிறகு இடித்துக் கட்ட முடியாது.

பேப்பர்_பாறசாலை

லைசென்ஸ். மருத்துவக் கருவி விதிகள் 2017, நடைமுறை 2018 ஜனவரி 1 முதல். ஆபத்து ஏற ஏற ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. ஏ, பி வகுப்புக்கு 2022 அக்டோபர் 1 முதல், சி, டி வகுப்புக்கு 2023 அக்டோபர் 1 முதல் லைசென்ஸ் கட்டாயம். ஸ்டெரைல் அறுவைக் கிளவுஸும் ஃபோலியும் பி வகுப்பு விதியில் விழும். பணம் கட்டுவதற்கு முன் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வகைப்பாட்டுப் பட்டியலில் உங்கள் பொருளின் பெயரை வரியோடு வரி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆலை குமரியில் என்றால் தமிழ்நாட்டு மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம்தான் போக வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் கட்டினால் கேரள அதிகாரி. வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது இங்கே பொருட்டல்ல, ஆலை நிற்கும் மண்தான் கணக்கு.

படிகளின் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். சோதனைக்காக மாதிரி தயாரிக்கவே லைசென்ஸ் வேண்டும். எம்டி-12 விண்ணப்பம், எம்டி-13 அனுமதி. அது கையில் வந்த பிறகு மூன்று லாட் எடுத்து எல்லாச் சோதனையும் முடிக்க வேண்டும். அடுத்தது எம்டி-3 விண்ணப்பம், எம்டி-5 லைசென்ஸ். கட்டணம் ஆலைக்கு 5,000, ஒவ்வொரு பொருளுக்கும் 500 ரூபாய். பி வகுப்பில் லைசென்ஸுக்கு முன்பே நோட்டிஃபைடு பாடி (அங்கீகாரம் பெற்ற தணிக்கை அமைப்பு) வந்து ஆடிட் செய்யும். அந்த விதிகளின் ஐந்தாம் அட்டவணைத் தர அமைப்பு அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பதிவேட்டில் ஒரே பேனாவில், ஒரே நாளில், மூன்று மாதத்துக்கு எழுதி வைத்திருந்தால் ஆடிட்டர் இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

உயிர் இணக்கச் சோதனை (பொருள் உடலுக்குத் தீங்கு செய்யாது என்று காட்டுவது) ஐஎஸ்ஓ 10993. இயற்கை ரப்பர் லேடெக்ஸ் பெரும்பாலும் தடுக்கி விழுவது 10993-5 செல் நச்சுச் சோதனையில். காரணம் டைதயோகார்பமேட் மிச்சம். மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்ன லீச்சிங் அங்கேயும் காப்பாற்றும். திருவனந்தபுரம் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவில் இந்தச் சோதனைகள் நடக்கின்றன, கோஃப்ராக் (பிரான்ஸின் ஆய்வக அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் உள்ள இடம். 1990 டிசம்பர் 6-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா இதய வால்வு அந்த வளாகத்தில் உருவானது. முந்தைய வடிவங்கள் தோற்று, நான்காவது வடிவம்தான் நின்றது. நம் எல்லையிலிருந்து எட்டும் தூரத்தில் இப்படியொரு இடம் இருப்பது பெரிய கொடுப்பினை. மாதிரி அனுப்புவதற்கு முன்பே ஒருமுறை நேரில் போய், எந்தச் சோதனைக்கு எத்தனை துண்டு, எப்படிப் பொதிய வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

கோட்டயம்_ஆராய்ச்சி_வாசகன்

செல் நச்சு பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு. கந்தகமும் டைதயோகார்பமேட்டும் இல்லாமலே பாலை வல்கனைஸ் செய்ய முடியும், காமா கதிரால். ஆர்விஎன்எல் என்பார்கள். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குக் கோபால்ட்-60 சோதனை ஆலை அமைத்தார்கள். பாலில் நார்மல் பியூட்டைல் அக்ரிலேட் 5 பங்கு சேர்த்து 15 கிலோகிரே அளவில் கதிர் கொடுப்பது பொது முறை. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் இல்லை, செல் நச்சு மிகக் குறைவு. குறை என்னவென்றால் இழுவை வலிமை கந்தகப் பாலைவிடச் சற்றுக் கீழே, அக்ரிலேட் வாடையும் போக வேண்டும். ஆக்சிலரேட்டர் (டைதயோகார்பமேட் போன்ற வல்கனைசிங் வேகமூட்டி) இல்லாத கிளவுஸ் என்று இன்று உலகச் சந்தையில் தனி விலைக்கு விற்கிறார்கள். அதற்கான அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். முதல் வருடத்தில் தொட வேண்டாம்.

ஆற்றங்கரை_திருவட்டாறு

கழிவுநீர் பற்றி ஒரே ஒரு வரிதான் இதுவரை வந்திருக்கிறது. இது போதாது.

டிப்பிங் ஆலையிலிருந்து வெளியே வருவது லீச்சிங் தண்ணீர் (ஜிங்க், நைட்ரேட், புரதம்), தொட்டி கழுவிய பால் தண்ணீர், அம்மோனியா, குளோரின் செய்தால் அந்த அமில நீர். பொது வரம்பு உள்நாட்டு நீர்நிலைக்கு: பிஓடி (கழிவு சிதையத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, ஜிங்க் 5, அம்மோனியா நைட்ரஜன் 50, மூன்றும் லிட்டருக்கு மில்லிகிராமில். பிஎச் 5.5 முதல் 9. முதலில் ரப்பர் பொறி வேண்டும், அதாவது தடுப்புச் சுவர் வைத்த நீளத் தொட்டி. மிதக்கும் ரப்பரைத் தினமும் அள்ள வேண்டும். பிறகு சுண்ணாம்பு விட்டு பிஎச்சை 9 பக்கம் ஏற்றினால் ஜிங்க் ஹைட்ராக்சைடாகப் படியும். அதற்கப்புறம் காற்றூட்டிய உயிரித் தொட்டி. ஜிங்க் படிந்த சேறு அபாயக் கழிவு, தோட்டத்து உரக்குழியில் போடக்கூடாது.

கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை வழியாகப் போகும் தண்ணீரைக் குடிப்பவர்கள் நாம்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ அனுமதி கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். லைன் விலையோடு சுத்திகரிப்பு நிலைய விலையையும் முதல் நாளே சேர்த்து எழுதுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற வரி திட்ட அறிக்கையில் இருக்கக்கூடாது.

மார்த்தாண்டம்_டிப்பிங்

சரியாகச் சொன்னீர்கள். நானே முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒன்று சேர்க்கிறேன்: குளோரினேஷனை விட்டுப் பாலிமர் பூச்சுக்குப் போனால் அமில நீர்ப் பங்கு அப்படியே போய்விடும். இந்த இடத்துக்கு அதுவே பொருத்தம்.

சந்தை_பாலக்காடு

இனி யார் வாங்குவார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கேரள மருத்துவப் பணிகள் கழகம் இரண்டும் பெரிய வாங்குபவர்கள். ஆனால் இப்படிப்பட்ட டெண்டர்களில் வழக்கமாகச் சில ஆண்டு உற்பத்தி அனுபவமும் விற்றுமுதலும் கேட்பார்கள். முதல் நாளே உள்ளே போக முடியாது. மத்திய நிறுவனங்களில் குறு, சிறு தொழிலுக்கு 25 சதவீதக் கொள்முதல் ஒதுக்கீடும், முன்வைப்புத் தொகை விலக்கும் உண்டு. உத்யம் பதிவு (குறு, சிறு தொழில் பதிவு) முதல் வாரத்திலேயே எடுங்கள். 2017 உள்நாட்டுக் கொள்முதல் ஆணைப்படி 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர். உங்கள் பாலே உள்ளூர் என்பதால் இதில் சிக்கல் வராது.

முதல் இரண்டு வருடம் நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் தனியார் ஆஸ்பத்திரிகள்தான் சோறு போடும். அவர்களுக்கு விலையைவிட, மாதாமாதம் அதே தரம் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் அறுவைக் கிளவுஸுக்கு 12-லிருந்து 5 சதவீதம். பாலுக்கும் 5. ரசாயனம், உறைப் பொருள்களில் பலவற்றுக்கு 18. ஆகவே கட்டிய வரி உள்ளே தேங்கும். தலைகீழ் வரி (விற்கும் வரியைவிட வாங்கும் வரி கூடுதல்) ரீஃபண்டு கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் பொருள்களுக்குக் கட்டிய வரி மட்டும்தான் சேரும். ஸ்டெரிலைசேஷன் போன்ற சேவைக்கும் இயந்திரத்துக்கும் கட்டியது சேராது. பணப்புழக்கக் கணக்கில் இதை விட்டால் ஆறாவது மாதம் கை கடிக்கும்.

பால் செலவு பார்க்க எளிய வழி: செனெக்ஸ் கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் ஜோடிக்கு 5 ரூபாய் 25 காசு. கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் ஜோடிக்கு 70 காசு. ஓராண்டு நிலைவிலை ஒப்பந்தம் போடும்போது அந்த 70 காசு யார் தலையில் என்று எழுத்தில் இருக்கட்டும். தோட்டக்காரர்களே ஆலைக்காரர்களாக இருப்பதால் பால் விலை ஏறும்போது ஒரு பக்கம் நட்டம், மறுபக்கம் லாபம். மற்ற ஆலைகளுக்கு இல்லாத பலம் இது.

ஏற்றுமதியைப் பற்றிச் சுருக்கமாக. ஆசியான் நாடுகள் 2014-ல் பொது மருத்துவக் கருவி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன, ஆவண வடிவமும் பொது. ஒருமுறை ஒழுங்காகத் தொகுத்தால் மலேசியா, சிங்கப்பூர், வியட்நாமுக்குச் சின்ன மாற்றங்களோடு போகும். அமெரிக்காவில் அறுவைக் கிளவுஸுக்கு 510(கே) என்ற விற்பனை முன் அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் 2ஏ வகுப்பு, நோட்டிஃபைடு பாடி வேண்டும். இரண்டும் மூன்றாம் வருடத்துப் பேச்சு.

சீனாவைப் பார்த்துக் கற்க இன்னொன்று. 2020 நவம்பரில் அங்கே மொத்தக் கொள்முதலில் இதய ஸ்டென்ட் விலை 13,000 யுவானிலிருந்து 700 யுவான் பக்கம் இறங்கியது. உள்நாட்டில் லாபம் சுருங்கிய கம்பெனிகள் எல்லாம் வெளிநாடு தேடுகின்றன. நம் ஆஸ்பத்திரி வாசலில் அடுத்த ஐந்து வருடம் விலைப்போட்டி கூடும். அதனால்தான் மலிவுப் பொருளில் இறங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

குலசேகரம்_பால்

எல்லோருக்கும் நன்றி. இப்போது எங்கள் எண்ணம் இது: சென்ட்ரிஃப்யூஜ் இல்லை, பாலைக் கொடுத்து செனெக்ஸ் வாங்குவது. அறுவைக் கிளவுஸ், பாலிமர் பூச்சு, முதல் வருடம் தினம் 5,000 ஜோடி. கிணற்று நீர்ச் சோதனை இந்த வாரம். இரண்டு கேள்வி மிச்சம். ஸ்டெரிலைசேஷன் நாமே செய்வதா? ஓட்டைச் சோதனைக்குத் தினம் எத்தனை கிளவுஸ் எடுக்க வேண்டும்?

பேப்பர்_பாறசாலை

ஸ்டெரிலைசேஷன் வெளியே கொடுங்கள். இடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) என்றால் ஐஎஸ்ஓ 11135 படி வேலிடேஷன், மிச்ச வாயுவுக்கு 10993-7. காமா என்றால் ஐஎஸ்ஓ 11137, வழக்கமான அளவு 25 கிலோகிரே. காமாவில் லேடெக்ஸ் வலிமை கொஞ்சம் இறங்கும். 7 நாள் சூட்டில் வைத்த பின் எடுக்கும் 18 மெகாபாஸ்கலை, கதிர் பட்ட கிளவுஸில் எடுத்துப் பார்க்க வேண்டும். கதிருக்கு முன் எடுத்த எண்ணைக் கோப்பில் வைத்தால் ஆடிட்டில் நிற்காது. எந்த முறை எடுத்தாலும் அந்த நிலையத்தோடு தர ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கோப்பில் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம்_டிப்பிங்

ஓட்டைச் சோதனைக்கு வருகிறேன். ஏஎஸ்டிஎம் டி3577 படி அறுவைக் கிளவுஸுக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை வரம்பு) 1.5, மாதிரி எடுக்கும் அட்டவணையில் பொது ஆய்வு நிலை 1. 5,000 ஜோடி என்றால் லாட் 10,000 கிளவுஸ். எடுக்க வேண்டியது 80. மூன்று வரை ஒழுகினால் லாட் தேறும், நான்காவது ஒழுகினால் நிராகரிப்பு. பிறகு 10,000 ஜோடிக்கு ஏறினால் லாட் 20,000, எடுக்க வேண்டியது 125, ஐந்து வரை தேறும், ஆறில் நிராகரிப்பு.

கிளவுஸைக் குழாயில் மாட்டி 1,000 மில்லி தண்ணீர் விடுங்கள். உடனே ஒருமுறை, 2 நிமிடம் கழித்து ஒருமுறை பாருங்கள். மணிக்கட்டு விளிம்பிலிருந்து 40 மில்லிமீட்டருக்குள் வரும் கசிவு கணக்கில் இல்லை. தண்ணீர் அறை வெப்பத்தில் இருக்கட்டும், வெளிப்புறம் ஈரமில்லாமல் துடைத்த பின் மாட்டுங்கள். ஈரக் கிளவுஸில் பொடித்துளி தெரியாது. விரல் கவைகளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் தவறும்.

ஒழுகிய ஒவ்வொரு கிளவுஸிலும் துளை எந்த விரல், எந்தப் பக்கம், எந்தப் பீங்கான் கை என்று எழுதுங்கள். கைகளுக்கு எண் எழுதியிருக்க வேண்டும். ஒரே எண் மூன்று நாளில் இரண்டு தடவை வந்தால் அந்தக் கையில் மயிர்க்கோடு விரிசல் இருக்கும், கழற்றி மாற்றுங்கள். எண்கள் மாறி மாறி வந்து இடம் மட்டும் ஒன்றாக, சுண்டுவிரல் கவையிலேயே வந்தால் கை மேலேறும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இடமும் எண்ணும் சிதறி வந்தால் காம்பவுண்டில் காற்றோ, டிஸ்பர்ஷன் கட்டியோ. தொட்டியை 100 மெஷ் சல்லடையில் வடித்து, அன்றைய டிப்பை நிறுத்துங்கள்.

கிணற்று நீர் முடிவு வந்ததும் கடினத்தன்மை, இரும்பு, குளோரைடு மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள். மென்மையாக்கி போதுமா, ஆர்ஓ வேண்டுமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.